சேலத்துக் கான்கிரீட் அறையில் கணினி இசை: எந்த மென்பொருள் மாற்றம் காதுக்கு எட்டும்?

லேப்டாப், அதில் யூஎஸ்பி வழியாகச் செருகிய டிஏசி (எண்களாக வரும் பாட்டை மின் ஒலியலையாக மாற்றும் பெட்டி), ஒரு சின்ன ஆம்ப், ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ஃபேர்லேண்ட்ஸ் அடுக்குமாடியிலும் அம்மாப்பேட்டைச் சந்து வீட்டிலும் கணினியில் பாட்டுக் கேட்கிறவர்களிடம் பெரும்பாலும் இருப்பது இவ்வளவுதான். இதற்கு மேல் பெட்டி எதுவும் வாங்காமல், கணினிக்குள் சிலவற்றை மாற்றியே ஒலியைக் கூட்டிவிட முடியுமா? முடியும். ஆனால் எந்த மாற்றம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில மாற்றங்கள் அறையில் உட்கார்ந்த ஐந்தாவது நொடியில் தெரியும். சிலவற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கணினியிலிருந்து டிஏசிக்குப் போவது எண்கள். அந்த எண்களைக் கணினி அப்படியே அனுப்பலாம், மாற்றி அனுப்பலாம், நேரத்துக்கு அனுப்பத் தவறலாம். கூடவே கம்பி வழியாக மின் இரைச்சலையும் அனுப்பலாம். எந்த ஒரு மென்பொருள் மாற்றமும் இந்த நான்கில் ஒன்றைத் தொட்டால்தான் ஒலி மாறும். எதையும் தொடவில்லை என்றால் ஸ்பீக்கரில் மாறுவதற்கு எதுவும் இல்லை.

கெடுப்பதை முதலில் நிறுத்துவது

விண்டோஸ் லேப்டாப்பை வாங்கியபடியே ஓட்டினால், பாட்டின் எண்கள் பல கைகளுக்குப் போய்த்தான் வெளியே வரும். லேப்டாப் கம்பெனி போட்டுத் தரும் ஒலிச் செயலி அதில் முதல் கை. சரவுண்ட், பேஸ் பூஸ்ட், எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் லெவலர் ஆகியவை சின்ன உள் ஸ்பீக்கருக்காக எழுதப்பட்டவை. சில லேப்டாப்களில் வெளி ஆம்புக்குப் போகும் ஒலியிலும் அவை வேலை செய்யும். ஆலாபனையில் பாடகர் சத்தத்தைக் குறைத்தால் லெவலர் அதைத் தூக்கிக் கொடுக்கும். தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போனால் அமுக்கிவிடும். அந்தச் செயலிக்குள்ளேயே போய் அதை அணைக்க வேண்டும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் இருக்கும் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை மொத்தமாக ஆஃப் செய்யச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். அதைச் செய்துவிட்டால் பின்னால் சொல்லப்போகும் ஈக்வலைசரும் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) ஓடாது. ஆகவே அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது, பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்ற பக்கம். அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்று அது இயல்பாகவே வைக்கப்பட்டிருக்கும். ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிடுங்கள்.

ப்ளூடூத் ஹெட்போன்காரர்களுக்கு இதைவிடப் பெரிய இடி ஒன்று உண்டு. ஹெட்போனின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்தால், பழைய ப்ளூடூத் முறையில் இணைப்பு முழுவதும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கி மோனோ ஆகிவிடும். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். ஒலி வெளியீட்டுப் பட்டியலில் ‘ஸ்டீரியோ’ என்று தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக்கை வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. இந்த ஒரு மாற்றத்தில் வரும் வித்தியாசத்தை எந்த விலையுயர்ந்த கம்பியும் தராது.

பிறகு டிஏசியின் ‘டீஃபால்ட் ஃபார்மேட்’, அதாவது எண்களை எந்த நுணுக்கத்தில், எந்த வேகத்தில் அனுப்புவது என்ற அமைப்பு. இதை 24 பிட்டில் வையுங்கள். ஒரு பிட் கூடினால், மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையிலான வீச்சு சுமார் 6 டெசிபல் கூடும். 16 பிட் சிடிக்கு 96 டெசிபல் வீச்சு கிடைக்கிறது. 24 பிட்டில் அனுப்பினால், விண்டோஸ் வால்யூமை 48 டெசிபல் குறைத்தாலும் அடியில் இன்னும் 16 பிட் மிச்சம் இருக்கும். எனவே ‘கணினி வால்யூமைக் குறைத்தால் பிட் போய்விடும்’ என்ற பயம் 16 பிட்டில் ஓரளவு நியாயம், 24 பிட்டில் தேவையில்லை. ஆனாலும் ஆம்பைத் திருகிக் கூட்டி, கணினியில் குறைத்துக் கேட்பது நல்ல பழக்கம் அல்ல. ஆம்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் மேலே வந்துவிடும். கணினியில் முக்கால் அளவுக்கு மேல் வைத்து, ஆம்பில் குறைத்துக்கொள்வதே சரி.

சாம்பிள் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை ஆயிரம் எண்கள் என்பது, 44.1 கிலோஹெர்ட்ஸா, 48ஆ? சிடியிலிருந்து எடுத்த கோப்புகள்தான் அதிகம் என்றால் 44.1. யூடியூபும் படமும் அதிகம் என்றால் 48. இன்றைய விண்டோஸ் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது உண்டாகும் பிழை, சாதாரண இசைக்குள் காதுக்குப் பிடிபடாத அளவில்தான் இருக்கிறது. 192 என்று வைத்தால் கணினிக்கு வேலை கூடும், வேறு பலன் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கோப்பைப் பாருங்கள். 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3யை யாரோ ஃப்ளாக் (எதையும் இழக்காத கோப்பு வகை) ஆக மாற்றிச் சுற்றில் விட்டிருப்பது தமிழ்ப் பழைய பாடல்களில் சர்வசாதாரணம். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் அலைவரிசைப் படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல் நேர்கோடாக நின்றுவிட்டால், பெரும்பாலும் அது எம்பி3யாகப் பிறந்து ஃப்ளாக் சட்டை போட்டது. 1960களின் பாடல் என்றால் மூலப் பதிவிலேயே உச்ச அலைகள் குறைவாக இருக்கும். ஆனால் அது படிப்படியாகத் தேய்ந்து மறையும், வெட்டுக்கோடாக நிற்காது. தொலைந்துபோனதை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

பிட் மாறாமல் அனுப்புவது

விண்டோஸில் எல்லாச் செயலிகளின் ஒலியும் ஒரே கலவைக்குள் போய், ஒரே சாம்பிள் வேகத்துக்கு மாற்றப்பட்டு வெளியேறும். இதுதான் ஷேர்டு மோட். விஸ்டா காலத்திலிருந்து வசாபி எக்ஸ்க்ளூசிவ் மோட் என்ற இன்னொரு வழியும் உண்டு. ஒரு பிளேயர் டிஏசியைத் தனக்கே தனக்கென்று பிடித்துக்கொண்டு, கோப்பின் எண்களைக் கலவைக்குள் விடாமல் நேராக அனுப்பும். டிஏசியுடன் வரும் ஏஎஸ்ஐஓ டிரைவரும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. ஸ்டெயின்பெர்க் நிறுவனம் அதை உருவாக்கியது ஒலிப்பதிவுக் கூடங்களில் தாமதத்தைக் குறைக்க. பாட்டுக் கேட்பவர்கள் பின்னாளில் எடுத்துக்கொண்டார்கள். ஃபூபார்2000 என்ற பிளேயரில் வெளியீட்டுப் பட்டியலில் உங்கள் டிஏசியின் பெயருடன் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று இருப்பதைத் தேர்ந்தால் போதும். லினக்ஸில் ஆல்சா என்ற அடிப்படை ஒலி அமைப்பு வழியாக நேரே வன்பொருளுக்கு அனுப்பலாம், அல்லது பைப்வயர் என்ற ஒலிச் சேவையின் அமைப்புக் கோப்பில் 44,100, 48,000 இரண்டையும் அனுமதித்துவிட்டால் அதுவே தேவைக்கேற்ப மாறிக்கொள்ளும். மேக்கில் ‘ஆடியோ மிடி செட்டப்’பில் கையால் மாற்ற வேண்டியிருக்கும்.

இதன் உண்மையான பலன் இரண்டு. சாம்பிள் வேகம் மாறாது என்பது ஒன்று. அது காதுக்கு எட்டாத பலன். இரண்டாவது கொஞ்சம் எட்டும். ஷேர்டு மோடில் ஒலி உச்ச எல்லையைத் தொடும் இடங்களில் ஒரு லிமிட்டர் குறுக்கிட்டு அமுக்கும். 2000க்குப் பின் வந்த சினிமாப் பாடல்கள் பல, உச்ச எல்லையை ஒட்டியே சத்தமாக மாஸ்டர் செய்யப்பட்டவை. அந்த இடங்களில் எக்ஸ்க்ளூசிவ் மோட் தப்பித்துவிடும். ஆனால் அதே தப்பித்தல், பிளேயரில் 3 டெசிபல் குறைத்துவைத்தாலும் கிடைக்கிறது. பாட்டுகளின் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ரீப்ளேகெயின் வசதியைப் போட்டாலும் கிடைக்கிறது. ரீப்ளேகெயின் கூடுதலாக, பழைய பாட்டுக்கும் புதிய பாட்டுக்கும் நடுவில் எழுந்துபோய் வால்யூம் திருகுகிற தொல்லையையும் போக்கும். ஷேர்டு மோடில் ஒரு வசதியும் போகாமல் இதே பலன் கிடைக்கிறது என்றால், எக்ஸ்க்ளூசிவ் மோடுக்காக மெனக்கெடக் காரணம் குறைவு.

அதற்கு ஒரு விலையும் உண்டு. எக்ஸ்க்ளூசிவ் மோடில் பாடும்போது மற்றச் செயலிகள் ஊமை. இதைவிட முக்கியம், விண்டோஸின் கலவைக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் ஈக்வலைசர் ஏபிஓ போன்ற திருத்தங்கள் அடியோடு தவிர்க்கப்படும். ‘ஈக்வலைசர் போட்டேன், ஒன்றும் மாறவில்லை’ என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இது. பிட்டைக் காப்பதும் அறையைத் திருத்துவதும் விண்டோஸில் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் நிற்கின்றன. எந்தப் பக்கம் நிற்பது என்பதே இந்தக் கட்டுரையின் முடிச்சு.

ஆப்டிமைசர்கள்

விண்டோஸின் சேவைகளை நிறுத்துவது, பிளேயருக்கு முன்னுரிமை கொடுப்பது, பாட்டை முழுதாக ரேமில் ஏற்றிப் பாடுவது, திரையை அணைப்பது, ‘ஆடியோவுக்கென்றே’ மெலியவைத்த இயங்குதளம். இவை காசுக்கும் கிடைக்கின்றன, இலவசமாகவும் கிடைக்கின்றன. சொல்லப்படும் காரணம் எப்போதும் ஜிட்டர், அதாவது சாம்பிள்களுக்கு இடையிலான நேர நடுக்கம்.

இன்றைய யூஎஸ்பி டிஏசிகளில் மிகப் பல அசிங்க்ரனஸ் முறையில் ஓடுபவை. நேரத்தைக் கணிப்பது டிஏசிக்குள் இருக்கும் படிகக் கடிகாரம். டிஏசி தன் சேமிப்புத் தொட்டி நிறைகிறதா, வடிகிறதா என்று பார்த்து, ‘கொஞ்சம் வேகமாக அனுப்பு, கொஞ்சம் மெதுவாக அனுப்பு’ என்று கணினிக்குச் சொல்லும். எண்கள் மூட்டைகளாக, வேக வகையைப் பொறுத்து 1 மில்லி விநாடிக்கு ஒரு முறையோ 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறையோ போய்ச் சேரும். தெருக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து குளியலறைக்குச் சீராக வருவது போல. தொட்டி வற்றாத வரை பிளேயரின் முன்னுரிமைக்கும் ஒலியின் நேரத்துக்கும் தொடர்பில்லை. பழைய அடாப்டிவ் வகை டிஏசிகள் யூஎஸ்பியின் தாளத்திலிருந்து தங்கள் கடிகாரத்தைப் பெற்றன என்பது மெய். அங்கும் அந்தத் தாளத்தைப் போடுவது யூஎஸ்பி கண்ட்ரோலர் என்ற வன்பொருள்தான். விண்டோஸ் சேவைகள் அதன் கையைப் பிடித்து ஆட்டுவதில்லை.

தொட்டி வற்றினால்? அப்போது ஒலி ‘கொஞ்சம் மங்கலாக’ ஆகாது. டக் என்று ஒரு சொடக்கு, அல்லது ஒரு கிழிசல். யூஎஸ்பியில் ஒலி மூட்டை தவறினால் திரும்ப அனுப்பும் ஏற்பாடு கிடையாது, அதனால் இழப்பு நேரே காதில் விழும். ஆக, ஆப்டிமைசரின் களம் சொடக்கு மட்டுமே. சொடக்கு இருந்தால் மருந்து உண்டு. இல்லாவிட்டால் நோயே இல்லை.

சொடக்கு வரும் கணினியில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடலாம், இது வீடு வீடாக வரும் பிரச்சினை. லேட்டன்சிமான் என்ற மென்பொருளை 10 நிமிடம் ஓடவிட்டு, எந்த டிரைவர் நீண்ட நேரம் பிராசசரைப் பிடித்துவைக்கிறது என்று பாருங்கள். அடிக்கடி மாட்டுவது வைஃபை டிரைவர், அடுத்து கிராபிக்ஸ், சில லேப்டாப்களில் பேட்டரியைக் கண்காணிக்கும் டிரைவர். டிவைஸ் மேனேஜரில் சந்தேகப்பட்டதைத் தற்காலிகமாக நிறுத்தி, சொடக்கு நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால் அந்த டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். பவர் செட்டிங்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ நிறுத்துங்கள். பஃபரை, அதாவது கணினிப் பக்கத்துச் சேமிப்புத் தொட்டியை, கூட்டுங்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்பது 5.8 மில்லி விநாடித் தாமதம், 2048 என்பது 46. பாட்டு வாசித்துப் பதிவு செய்கிறவருக்குத்தான் 5.8 வேண்டும், கேட்கிறவருக்கு 46 மில்லி விநாடியால் ஒரு நஷ்டமும் இல்லை. சித்திரை வெயிலில் சேலத்து மாடி அறையில் லேப்டாப் கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; மார்கழியில் வராத சொடக்கு அப்போது வந்தால், முதலில் விசிறித் துளையின் தூசியைத் தட்டுங்கள்.

ஆப்டிமைசர் பக்கம் ஒரு துளி உண்மை மின் இரைச்சலில் இருக்கிறது. லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் துளையில் மவுஸை நகர்த்தினால் ‘கீச்’ என்று கேட்பது உண்டு. பிராசசரின் வேலை மாறும்போது மின்னோட்டம் மாறி, அது ஒலிப் பகுதிக்குள் கசிகிறது. பவர் திட்டத்தை மாற்றினால் அந்தக் கீச்சும் மாறும். மாறுமே தவிர, போகாது. வெளி டிஏசிதான் அதற்குத் தீர்வு.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று ‘ங்ங்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் உறுமல். செவ்வாய்பேட்டை, குகைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இரண்டு துளை பிளக், எர்த் இல்லாத வயரிங் இன்னும் இருக்கிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் எர்த் சுற்று. லேப்டாப், ஆம்ப் இரண்டையும் ஒரே ஸ்ட்ரிப்பில், சரியாக எர்த் போட்ட ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஆப்டிகல் கம்பி அல்லது ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து, அதைச் செய்யவே கூடாது. கரண்ட் போய், சதுர அலை இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஆம்ப் இரைந்தால், அது டிரான்ஸ்ஃபார்மரின் முனகல். இவற்றில் ஒன்றையும் மென்பொருளால் தொட முடியாது.

‘ஆனாலும் எனக்கு வித்தியாசம் கேட்கிறதே’ என்பவர்களுக்குச் சோதனை எளிது. ஒலிப்பதிவு வசதியுள்ள ஒரே யூஎஸ்பி இன்டர்ஃபேஸின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகுங்கள். அப்போது இரண்டுக்கும் ஒரே கடிகாரம். ஆப்டிமைசருடன் ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை, ஒரே பாட்டைப் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் சாம்பிள் பிசகாமல் வரிசையாக்கி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால் பொதுவானது எல்லாம் அடித்துக்கொண்டு போய், வித்தியாசம் மட்டும் மிஞ்சும். மிஞ்சுவது வெறும் இரைச்சலா, பாட்டா என்று கேளுங்கள். அல்லது ஃபூபாரின் ஏபிஎக்ஸ் கூறில் (எது எதென்று தெரியாமல் கேட்டுச் சொல்லும் சோதனை) அந்த இரண்டு பதிவுகளையும் போட்டு 16 முறை கண்டுபிடியுங்கள். 12 சரி என்றால் குருட்டாம்போக்கில் அது நடக்க 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. மெய்யாகவே கேட்கிறது என்று கொள்ளலாம். இரண்டின் சத்த அளவும் 0.1 டெசிபலுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். அரை டெசிபல் கூடினாலே மூளை அதைச் ‘சத்தம்’ என்று எடுத்துக்கொள்ளாமல் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும்.

அறையும் ஈக்வலைசரும்

சேலத்தில் கட்டப்படும் படுக்கையறை அநேகமாக 12க்கு 10 அடி, கூரை 10 அடி. சிமெண்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். ஒலிக்கு இதைவிடக் கடினமான பெட்டி அரிது. 25 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 346 மீட்டர். அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை தானே அதிரும் முதல் அலைவரிசை கிடைக்கும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் 57 இரண்டு முறை வருகிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருகிறது.

பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். 80களின் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் அந்த ஸ்வரத்தைத் தொடும்போது மட்டும் அறை ‘ஊம்’ என்று எழும்பும், மூன்று ஸ்வரம் மேலே போனால் ஆளையே காணோம். வாசித்தவர் எல்லாவற்றையும் ஒரே பலத்தில்தான் வாசித்திருப்பார். இந்த மேடு பள்ளம் 10 டெசிபலுக்கு மேல் போவது சிறிய அறைகளில் சாதாரணம். ஜிட்டர் பற்றிய எந்தச் சண்டையும் இதன் கால் தூசிக்கு ஈடாகாது. தவிலின் அடியும், மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழும் கும்காரமும், ஒன்றரைக் கட்டையில் பாடுபவருக்குச் சேர்த்த தம்புராவின் 69 ஹெர்ட்ஸ் மந்திர ஷட்ஜமும் இந்தப் பகுதியில்தான் வாழ்கின்றன. கணினியால் ஒலியை மெய்யாகவே மேம்படுத்தக்கூடிய இடமும் இதுதான்.

முதலில் நாற்காலி. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் முதல் அதிர்வு அங்கே பூஜ்யம். பின்சுவரில் தலை சாய்த்தால் எல்லா அதிர்வும் உச்சம். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி உட்கார்ந்து, அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்து பாருங்கள். ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து 2 அடி தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 142 ஹெர்ட்ஸ் பக்கம் நேரொலியோடு அடித்துக்கொண்டு ஒரு பள்ளம் உண்டாகும். ஸ்பீக்கரை நகர்த்தினால் பள்ளமும் நகரும்.

கைதட்டினால் ‘ட்ரிங்’ என்று ஒரு சிதறல் கேட்கிறதா? அதற்குத் துணி வேண்டும். பவானி ஜமுக்காளத்தை ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் விரித்தால் உச்ச அலைகள் அடங்கும். 4 அங்குல இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி நிறுத்தினால் சுமார் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக உறிஞ்சும், அதற்குக் கீழே போகப்போகப் பலம் குறையும். 57 ஹெர்ட்ஸை மெத்தையால் அடக்க முடியாது. அங்கேதான் ஈக்வலைசர் வருகிறது.

தேவையானவை: அறையின் ஒலியை அளக்க ஆர்இடபிள்யூ என்று அழைக்கப்படும் ரூம் ஈக்யூ விசார்ட், திருத்த ஈக்வலைசர் ஏபிஓ, இரண்டும் இலவசம். கூடவே திருத்தக் கோப்புடன் வரும் ஒரு யூஎஸ்பி அளவு மைக், உதாரணமாக யூமிக்-1. இதை நண்பர்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம், ஒரு வீட்டுக்கு ஒரு மாலை போதும். செல்போன் மைக் வேண்டாம். பல போன்கள் காற்றிரைச்சலை வெட்டுவதற்காக அடி அலைகளைக் குறைத்துவிடும், நமக்கு வேண்டியதோ அதே அடி அலைகள்.

மைக்கைத் தாங்கியில் வைத்து, காது இருக்கும் உயரத்தில் கூரையைப் பார்க்க நிறுத்தி, 90 டிகிரி திருத்தக் கோப்பை ஏற்றுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சத்தம் 75 டெசிபல் வரும்படி ஆம்பை வைத்து, ஆர்இடபிள்யூவில் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறிப்போகும் சோதனை அலையை ஓடவிடுங்கள். ஒரே ஒரு புள்ளியில் அளப்பதுதான் பலர் செய்யும் தவறு. தலை இருக்கும் இடத்தைச் சுற்றி ஓரடிக்குள் 6 இடங்களில் அளந்து, சராசரி எடுங்கள். இந்த அறைக்குச் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே தெரியும் மேடுகள் அறையினுடையவை. அதற்கு மேல் தெரியும் மேடு பள்ளங்கள் தலையைத் திருப்பினாலே மாறுபவை, அவற்றைத் திருத்தப் போனால் குரல் மூக்கடைத்தது போலாகும்.

இனி விதி ஒன்றே: மேட்டை வெட்டு, பள்ளத்தைத் தொடாதே. 57இல் 9 டெசிபல் மேடு இருந்தால், 57 ஹெர்ட்ஸ், மைனஸ் 8 டெசிபல், க்யூ 5 (இந்த எண் கூடினால் வெட்டு குறுகும்) என்று ஒரு ஃபில்டர். பள்ளம் என்பது நேரலையும் திரும்பலையும் ஒன்றையொன்று தின்னும் இடம். அங்கே கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், பள்ளம் அப்படியே கிடக்கும். 6 டெசிபல் கூட்ட ஆம்ப் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 5 அங்குலக் கூம்பு அதற்குள் திணறிவிடும். க்யூவை 8க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். கோடைக்கும் குளிருக்கும் ஒலியின் வேகம் மாறி அதிர்வு 1 ஹெர்ட்ஸ் அளவு நகரும், மிகக் குறுகிய ஃபில்டர் அப்போது குறி தவறும்.

4 அல்லது 5 ஃபில்டர் போதும். ஆர்இடபிள்யூவிலிருந்து அவற்றை எழுத்துக் கோப்பாக எடுத்து ஈக்வலைசர் ஏபிஓவில் சேருங்கள். நிறுவும்போது எந்த வெளியீட்டுக் கருவி என்று டிக் செய்து, கணினியை அணைத்துப் போட வேண்டும். எங்காவது 2 டெசிபல் கூட்டியிருந்தால் ப்ரீஆம்பில் (ஈக்வலைசரின் மொத்தச் சத்த அளவு) அதே 2 டெசிபல் குறையுங்கள், இல்லாவிட்டால் உச்சங்கள் நசுங்கும். டிரைவர் அப்டேட் வந்த மறுநாள் ‘ஊம்’ திரும்பி வந்திருந்தால், டிக் போய்விட்டது என்று பொருள். அதே இடத்தில் மறுபடி போடுங்கள். லினக்ஸில் ஈஸிஎஃபெக்ட்ஸ் இந்த வேலையைச் செய்யும், கமில்லாடிஎஸ்பி மூன்று இயங்குதளங்களிலும் ஓடும்.

அப்சாம்பிளிங்

சாம்பிள் வேகத்தை 44.1இலிருந்து 352.8 ஆக்கியோ, டிஎஸ்டி என்ற வேறு ஒலி வடிவத்துக்கு மாற்றியோ டிஏசிக்கு அனுப்பும் மென்பொருள்கள் உண்டு. டிஏசி சில்லு தனக்குள் எப்படியும் செய்யும் வேலையை, பெரிய ஃபில்டரால் கணினி செய்கிறது. எண்கள் மாறுகின்றன என்பது உண்மை. ஆனால் மாற்றம் நடப்பது 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையை ஒட்டி. நடுவயதுக் காது அந்த எல்லைக்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது. விசிறி இரையும் லேப்டாப்பில் இதை ஓட்டினால், கிடைப்பதைவிட இரைச்சலாகப் போவதே அதிகம்.

எதை எடுப்பது

ஸ்பீக்கரில் கேட்பவர், அதுவும் கான்கிரீட் அறையில் என்றால், தயங்காமல் ஷேர்டு மோடும் ஈக்வலைசரும். பிட் மாறுகிறதே என்று வருந்த வேண்டாம். 32 பிட் மிதவைப் புள்ளி என்ற மிக நுணுக்கமான கணக்கில் நடக்கும் அந்த மாற்றம், அறை சேர்க்கும் 9 டெசிபலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டும் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், ஃபில்டரைப் பிளேயருக்குள்ளேயே போட்டு எக்ஸ்க்ளூசிவ் மோடில் கேட்கலாம். யூடியூபுக்கு அந்தத் திருத்தம் கிடைக்காது, அவ்வளவுதான்.

ஹெட்போன்காரருக்கு அறை இல்லை. அவருக்கும் ஈக்வலைசர்தான் பெரிய மாற்றம். ஆட்டோஈக்யூ என்ற திட்டத்தில் ஏராளமான ஹெட்போன் மாடல்களுக்கு அளந்த திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மாடலின் கோப்பை எடுத்து, அதில் சொன்ன ப்ரீஆம்ப் அளவோடு ஏற்றுங்கள். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஃபில்டர்களை மட்டும் காதுக்கேற்பத் தளர்த்திக்கொள்ளலாம், அந்தப் பகுதி ஒவ்வொருவர் காதின் அமைப்புக்கும் மாறும்.

ஏற்காட்டில், மரக்கூரையும் பலகைத் தரையும் உள்ள பழைய பங்களாக்களில் கதை வேறு. பலகை தானே அதிர்ந்து அடி அலைகளைக் கொஞ்சம் தின்றுவிடுவதால் மேடுகள் அவ்வளவு கூர்மையாக இருக்காது, இரண்டு ஃபில்டரில் வேலை முடியலாம். இரவில் அங்குள்ள அமைதியில் பதிவின் மெல்லிய பகுதிகள் தாமாகவே வெளியே வரும். அங்கே பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிறுத்தாதீர்கள். மூடுபனி மாதங்களில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அளவு மைக்கையும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

கீழே ஊருக்குள், அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம், பெரிய எதிரி விசைத்தறி. சுவர் தாண்டி வரும் அந்த அதிர்வு, மைக்கில் அறையின் மேடு போலவே பதிவாகி ஆளை ஏமாற்றும். தறி நிற்கும் நாளில் அளப்பது உத்தமம். முடியாவிட்டால் ஆர்இடபிள்யூவில் சோதனை அலை ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் வெளி இரைச்சலுக்கு எதிராக 3 டெசிபல் லாபம். இரண்டு முறை அளந்து கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே உயரத்தில் நிற்கிற மேட்டுக்கு மட்டும் ஃபில்டர் போடுங்கள்.